ஒரே கறை, மூன்று முறை

அத்தியாயம் 6

ஹெப்சிபாவின் மடியில் ஒரு சின்னப் பை இருந்தது. உள்ளே துணி சுற்றிய ஐஸ் கட்டிகள். அவற்றுக்கு நடுவே இரண்டு இன்சுலின் பேனாக்கள். பக்கத்து உறையில் சர்க்கரை அளக்கும் மீட்டர். பையைப் பிடித்திருந்த அவளுடைய விரல்கள் ஐஸைவிடச் சில்லிட்டுப் போயிருந்தன.

"எம்புட்டு நேரம் தாங்கும்?" என்று கேட்டாள் ரோகிணி.

"சாயங்காலம் வரைக்கும்."

"மருந்தக் கேக்கல. உங்க அண்ணனக் கேட்டேன்."

ஹெப்சிபா பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மறுபடியும் அதையே சொன்னாள்.

"சாயங்காலம் வரைக்கும்."

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு லாட்ஜின் முதல் மாடியில் இருந்தது ரோகிணியின் அலுவலகம். பன்னிரண்டு வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவள். எரிந்த கடை, மூழ்கிய குடோன், இடிந்த வீடு என்று பார்த்துப் பார்த்து, எது தானாக அழிந்தது, எது ஆள் வைத்து அழித்தது என்று மோப்பம் பிடிக்கக் கற்றவள். இப்போது காணாமல் போனவர்களைத் தேடுகிறாள். அவளுக்கு உதவியாள், டிரைவர், டீ வாங்கி வருபவன், வாய் ஓயாதவன் எல்லாம் யூனுஸ் ஒருவன்தான்.

ஹெப்சிபாவின் அண்ணன் ஜெரால்ட் செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினான். ஏதோ சினிமாவுக்குச் சாமான்களைப் பழசாக்கித் தர வேண்டும், ஒரு நாள் வேலை என்று யாரோ கூப்பிட்டார்கள். சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். நேரத்துக்கு ஊசி போடாவிட்டால் பிழைக்க மாட்டான். கையில் இருந்ததோ ஒரு நாளுக்கான மருந்து. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. போன் அணைந்து கிடந்தது. வேலைக்குப் போன இருபத்தாறு வயது ஆம்பளை வந்துவிடுவான் என்று ஸ்டேஷனில் சொல்லி அனுப்பினார்கள்.

நேற்று மட்டும் அவன் நம்பரிலிருந்து ஒரு படம் வந்தது. ஒரு சுவருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். கீழே, 'வேலை முடியல. ரெண்டு நாள்ல வாரேன்.'

"மூஞ்சி வீங்கியிருக்கு" என்றான் யூனுஸ், எட்டிப் பார்த்து. "சிரிக்கிறாரு. ஆனா நான் எங்க மாமியார் வீட்டுக் கறிக்குழம்பச் சாப்பிட்டுட்டுச் சிரிப்பேன்ல, அந்தச் சிரிப்பு."

"சும்மாரு யூனுஸ்." ரோகிணி போனை ஹெப்சிபாவின் பக்கம் திருப்பினாள். "நீங்க இதப் பாத்ததும் பயந்துட்டீங்கன்னு சொன்னீங்க. எதுக்கு?"

ஹெப்சிபா விரலால் தொட்டுக் காட்டினாள். அண்ணனை இல்லை. அவனுக்குப் பின்னால் இருந்த சுவரை.

"இது என் சுவரு."

"உங்க வீட்டுச் சுவரா?"

"இல்ல. நான் செஞ்சது."

அவளுக்கு இதையெல்லாம் விளக்கிப் பழக்கமில்லை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள். அவளும் ஜெரால்டும் பழைய மாதிரி வீடியோ கேம் செய்கிறவர்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய டிவி கேம் எப்படி இருந்ததோ அப்படி. அறைகளை ஜெரால்ட் கட்டுவான். அந்த அறைகளின் சுவர், தரை, கதவுக்கெல்லாம் போர்த்துகிற தோலை அவள் செய்வாள்.

"நெசச் சுவர போன்ல படம் எடுப்பேன். அதச் சின்னச் சின்னச் சதுரமா உடச்சுச் சின்னதாக்குவேன். அகலத்துக்கு அறுபத்தி நாலு சதுரம், ஒசரத்துக்கு அறுபத்தி நாலு. மொத்தம் பதினாறே நிறம். அதுக்கு மேல கிடையாது."

"அது மங்கலா அசிங்கமாத் தெரியாதா?" என்றான் யூனுஸ்.

"கொஞ்சமாக் காட்டுனாத்தான் அழகு." அவள் குரல் முதல்முறையாக உறுதியாக வந்தது. "ரெண்டு சதுரம் பழுப்பு, ஒரு சதுரம் கறுப்பு. மிச்சத்தப் பாக்குறவங்க கண்ணு போட்டுக்கும். அது ரத்தமா துருவான்னு அவங்களே நெனச்சுப் பயந்துக்கிருவாங்க."

பழசாக்குவதற்கு அவளிடம் மூன்றே அடுக்கு இருந்தன. மழை வடிந்த கறை ஒன்று. ஆணிக்குக் கீழே ஒழுகும் துரு ஒன்று. கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் ஒன்று. புதுச் சுவரின் மேல் மூன்றையும் வைத்தால் பத்தே நிமிஷத்தில் அது ஐம்பது வருஷத்துச் சுவராகிவிடும். அதிலும் அந்த மழைக்கறை ஒன்றே ஒன்றுதான். இதே லாட்ஜின் பின்பக்கச் சுவரிலிருந்து இரண்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்தது. ஒற்றைக் காது ஆட்டுத்தலை போல இருக்கும். அதையே நிறம் மாற்றி, பக்கம் மாற்றி எல்லாச் சுவருக்கும் போடுவாள்.

திங்கட்கிழமை ராத்திரி ஜெரால்ட் அதைச் சொல்லித்தான் திட்டினான். 'உலகத்துல இருக்குற எல்லாச் சுவரும் ஒரே மாதிரியா அழுவும்? சோம்பேறி.'

அவளும் விடவில்லை. 'பிடிக்கலேன்னா நீயே போட்டுக்க. எங்கிட்டப் பேசாத.'

அவன் பேசாமலே போய்விட்டான். இதை மட்டும் அவள் ரோகிணியிடம் சொல்லவில்லை.

ரோகிணி படத்தைப் பெரிதாக்கினாள். ஜெரால்டின் தலைக்கு இடப்பக்கம் ஓர் ஆட்டுத்தலை. வலப்பக்கம் ஒன்று. அதற்கும் தள்ளி இன்னொன்று. மூன்றுக்கும் ஒற்றைக் காது.

"மழை ஒரே படத்த மூணு தடவ வரையாது" என்றாள் ரோகிணி மெதுவாக. "அப்ப இது கம்ப்யூட்டர்ல ஒட்டுன படமா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா இங்க பாருங்க."

ஒரு கறைக்கு நடுவே மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு ஓடியது. மூலையில் பித்தளை நிறத்தில் ஒரு வளையம்.

யூனுஸ் தொடையில் தட்டினான். "அக்கா, இது சுவரே இல்ல. ஃப்ளெக்ஸு. கல்யாணத்துக்கு வாழ்த்தடிக்கிற ஃப்ளெக்ஸு. கயிறு கட்டுற ஓட்டதான் அது."

"உங்க சுவர யாருக்காவது வித்தீங்களா?"

"நெட்டுல சும்மாதான் போட்டு வச்சோம், அண்ணன் நம்பரோட. யார் வேணாலும் எடுத்துக்கலாம்னு. ஆயிரக்கணக்குல எடுத்திருக்காங்க."

"ஆயிரம் பேர் எடுக்கலாம். அத ஃப்ளெக்ஸுல அடிச்சவன் எத்தன பேர் இருப்பான்?" ரோகிணி வண்டிச் சாவியை எடுத்தாள்.

*

யூனுஸின் மச்சான் முகமது ஆசிப்பின் ஃப்ளெக்ஸ் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. மிஷின் கடகடவென்று யாருடைய காதுகுத்துக்கோ அடித்துக்கொண்டிருந்தது. ஆசிப் படத்தைப் பார்த்த உடனே தலையாட்டினான்.

"நம்ம மிஷின்ல ஓடுனதுதான் மச்சான். போன வருஷம்."

"எப்படிய்யா ஒரு பார்வையில சொல்லுற? எங்க அக்கா கல்யாணத்துக்குப் பொண்ணு பேர மாத்தி அடிச்சவன் நீ."

"அத விடமாட்டியா நீயி? இது எப்படி மறக்கும்? ஃபைலப் பாத்தா சதுரம் சதுரமா உடைஞ்சு கெடக்கு. நானே பார்ட்டிக்குப் போன் போட்டு, 'அண்ணே, படம் சரியில்ல, வேற அனுப்புங்க'ன்னேன். 'அதுதான்யா அழகு, அப்படியே அடி'ன்னுட்டாரு. கடை வச்சதுல இருந்து உடைஞ்ச படத்தக் கேட்டு வாங்குன ஒரே ஆளு அவருதான்."

ஹெப்சிபாவின் வேலையின் அழகைப் புரிந்துகொண்ட ஒருவன். அவன்தான் அண்ணனைப் பிடித்து வைத்திருக்கிறான்.

"பேரு?" என்றாள் ரோகிணி.

"வெள்ளைத்துரை. ஆளப் பாத்ததில்லக்கா, எல்லாம் போன்லதான். கொட்டாம்பட்டிக்கு முன்னாடி நாலுவழிச் சாலை ஓரத்துல 'திகில் பங்களா'ன்னு பேய் வீடு கட்டி டிக்கெட் போட்டாருல்ல, அதுக்குத்தான். பரீட்சை லீவுல ரெண்டு மாசம் ஓடுச்சு. அப்புறம் இழுத்து மூடிட்டாங்க."

ரோகிணி வண்டியில் ஏறும்போதே தனக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள். இடத்தைச் சொன்னாள். ஆள் அனுப்புவதாக அவர் சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை.

*

மூன்றரை மணி வெயிலில் திகில் பங்களா தனியாக நின்றது. சுற்றிலும் காய்ந்த தரிசு. தகரத்தாலும் இரும்புச் சட்டத்தாலும் கட்டி, மேலே இடிந்த மாளிகை போலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வரைந்த விரிசலுக்குப் பக்கத்திலேயே நிஜ விரிசலும் ஓடியது. வாசல் வளைவில் தொங்கிய மண்டை ஓட்டுக்கு ஒரு கண் உதிர்ந்திருந்தது.

"பகல்லயே இம்புட்டு பயமா இருக்கு" என்றான் யூனுஸ். "அக்கா, நான் வண்டியப் பாத்துக்கவா? வண்டிக்கும் பயமா இருக்கும்ல."

பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். ஐம்பது வயது. காக்கிச் சட்டை, கழுத்தில் துண்டு.

"யாரு? என்ன வேணும்?"

"சினிமா கம்பெனி" என்றாள் ரோகிணி கூசாமல். "ஷூட்டிங்குக்கு எடம் பாக்குறோம். இவுங்க ஆர்ட் டைரக்டர்."

ஹெப்சிபா பையை இறுக்கிக்கொண்டாள். அந்த ஆள் அவள் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தது போல இருந்தது.

"நான் வாட்ச்மேன் சுருளி. மொதலாளி ஊர்ல இல்ல. தொறந்தே ஒரு வருஷம் ஆகப்போகுதும்மா."

"போர்டுல நம்பர் இருக்கே" என்றான் யூனுஸ் போனை எடுத்தபடி. "மொதலாளிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுருவோமாண்ணே?"

வாட்ச்மேனின் கை சட்டைப் பைக்குப் போய், உடனே திரும்பியது. "அதெல்லாம் எதுக்குத் தம்பி? நானே காட்டுறேன். ஆனா சாவி போட்டுத் தொறந்துதான் விடுவேன், வழி காட்டத் தெரியாது. எனக்குப் பயம். உள்ள காலே வச்சதில்ல."

பெரிய பூட்டு. முழுக்கத் துரு. ஹெப்சிபாவின் கண் பழக்கத்தில் அதன் மேல் நின்றது. எத்தனை பூட்டு வரைந்திருக்கிறாள்! துரு எங்கே இருக்கிறது என்பது முக்கியமில்லை. எங்கே இல்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும். கை பட்ட இடத்தில் துரு பிடிக்காது.

அவள் ரோகிணியின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். காதுக்குள் சொன்னாள்.

"சாவி போற எடத்துல துரு இல்ல."

"பாத்தேன்" என்றாள் ரோகிணி உதடு அசையாமல். "தினமும் தொறக்குறாங்க. பேசாம வாங்க."

கதவு திறந்தது. உள்ளே அடைபட்டிருந்த சூடு முகத்தில் அறைந்தது. பிளாஸ்டிக் வெந்த வாடை. வாட்ச்மேன் டார்ச்சைப் போட்டார்.

"கூட வரமாட்டேன்னீங்களே?" என்றான் யூனுஸ்.

"நீங்க மூணு பேர் இருக்கீங்க. ஒரு தைரியம்தான்" என்று சொல்லிக்கொண்டே அவர் முன்னால் நடந்தார்.

பத்தடிகூடப் போகவில்லை. யூனுஸின் காலுக்குக் கீழே ஏதோ டக்கென்றது. மேலிருந்து தலையில்லாத ஓர் உருவம் கயிற்றில் இறங்கி, அவன் மூக்குக்கு நேராக நின்று ஆடியது. யூனுஸ் போட்ட கத்தலில் தகரம் அதிர்ந்தது.

"யா அல்லா! இவனுக்குத் தலையே இல்லக்கா! யாருகிட்டப் பேசி விடச் சொல்றது?"

தரையில் ஒரு மிதிகட்டை இருந்தது. மிதித்தால் பொம்மை விழும். வேடிக்கை பார்க்க வருகிறவர்களைப் பயமுறுத்த வைத்தது. ஹெப்சிபாவுக்குச் சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. இந்த இருட்டில் எங்கோ அண்ணன். அவன் இந்தக் கத்தலைக் கேட்டிருப்பானா? கேட்கிற நிலையில் இருப்பானா?

இனி தரையைப் பார்த்தே நடப்பது என்று முடிவு செய்தாள். அதனால்தான் அதைக் கண்டாள்.

நடை முடிந்து ஒரு கூடம் தொடங்கும் இடம். முன்னால் போன வாட்ச்மேன் பேசிக்கொண்டே, கீழே பார்க்காமலே, வலது காலை ஒரு சாண் உயரம் தூக்கி வைத்தார். பிறகு இடது கால். பிறகு பழையபடி நடந்தார்.

அவள் குனிந்து பார்த்தாள். அவர் கால் தூக்கிய இடத்தில், கறுப்புப் பெயின்டுக்குள் மறைந்திருந்தது இன்னொரு மிதிகட்டை.

உள்ளே காலே வைக்காதவருக்கு இது எப்படித் தெரியும்?

அவளும் காலைத் தூக்கி வைத்து அதைத் தாண்டினாள். ரோகிணியையும் யூனுஸையும் கையைப் பிடித்துத் தாண்ட வைத்தாள்.

கூடத்தைச் சுற்றி அவளுடைய சுவர்கள். அவள் வீட்டு அறையில், தன் கம்ப்யூட்டரில், உள்ளங்கையளவு செய்தவை இங்கே ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றன. ஒவ்வொரு சதுரமும் இரண்டு விரல் அகலம். எங்கே திரும்பினாலும் ஒற்றைக் காது ஆடு. தான் உண்டாக்கிய பயத்துக்குள்ளேயே தன்னை யாரோ இறக்கிவிட்டது போல இருந்தது. ஓரத்தில் ஒரு ஸ்டூல் கிடந்தது. படத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்த அதே ஸ்டூல்.

சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு கதவுகள். எல்லாம் ஒரே படம். துருப்பிடித்த தாழ்ப்பாள் உட்பட ஃப்ளெக்ஸில் அச்சடித்தவை.

"அம்புட்டும் பொம்மைக் கதவும்மா" என்றார் வாட்ச்மேன். டார்ச் வெளிச்சம் அவர் காலடியிலேயே இருந்தது. உள்ளே வந்ததிலிருந்து ஒரு தடவைகூடச் சுவரில் படவில்லை. "பாத்தாச்சுல்ல? போவோமா?"

ஹெப்சிபா அவரிடம் கை நீட்டினாள். அவளே எதிர்பார்க்கவில்லை.

"டார்ச்சக் குடுங்க. வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாக்கணும்."

"ஆர்ட் டைரக்டர் கேக்குறாங்கல்லண்ணே" என்று யூனுஸ் அவர் கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டான்.

அவள் வரைகிற தாழ்ப்பாளுக்கு நிழலும் அவளே வரைவாள். வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து வருவதாக வைத்து, வலது கீழ்ப் பக்கம் ஒரு வரி கறுப்பு. அது படம். அசையாது.

டார்ச்சை வலப்பக்கம் உயர்த்திப் பிடித்து, கதவு கதவாக நகர்த்தினாள். முதல் தாழ்ப்பாள். நிழல் வலது கீழே. இரண்டாவது. வலது கீழே. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. டார்ச் ஆடினாலும் நிழல் அப்படியே.

ஏழாவது கதவில் நிழல் இடப்பக்கம் விழுந்தது.

அவள் டார்ச்சை அசைத்தாள். நிழலும் அசைந்தது.

"ரோகிணி அக்கா" என்றாள். "இது நெசத் தாழ்ப்பா."

ரோகிணி இரண்டே எட்டில் அங்கே போனாள். இரும்புத் தாழ்ப்பாள், ஃப்ளெக்ஸ் கதவுக்குள் சொருகியது போல. கை வைத்தாள்.

"அதத் தொடாத."

பின்னாலிருந்து வந்த குரல் வாட்ச்மேனுடையது. ஆனால் அதில் சுருளியின் பணிவு இல்லை. அவர் கூடத்துக்கு வரும் வழியை அடைத்துக்கொண்டு நின்றார். எந்த ஃப்ளெக்ஸுக்குப் பின்னாலிருந்து எடுத்தாரோ, கையில் அரிவாள்.

"நீங்கதான் வெள்ளைத்துரை" என்றாள் ரோகிணி. "போன் போடவான்னு கேட்டப்பவே சட்டைப் பையத் தொட்டீங்க. பெல் உங்ககிட்டத்தான் அடிச்சிருக்கும்."

"அம்புட்டு தெரிஞ்சும் உள்ள வந்தீங்களா?" அவன் சிரித்தான். "நானும் தெரிஞ்சேதான் விட்டேன். இந்தப் புள்ளய வாசல்லயே தெரிஞ்சுபோச்சு. அவுங்கண்ணன் போனத் தொறந்தா மொத படமே இவதான. வெளிய நின்னு கேள்வி கேக்குறதுக்கு உள்ள வந்துட்டா எனக்குச் சௌகரியம்."

அவன் வாசலில் பார்த்தது தன்னைத்தான் என்று ஹெப்சிபாவுக்குப் புரிந்தது. தன்னை அடையாளம் கண்டுதான் கதவைத் திறந்தான். தான் அல்லவா மற்ற இருவரையும் இதற்குள் இழுத்து வந்தது?

"நெட்டுல சுவரோட இருந்த நம்பரப் பாத்துத்தான் உள்ள இருக்குறவனக் கூப்பிட்டேன். வேலைய முடிக்கல. ஒரே ஒரு சிலை. பழசாக்கித் தர ரெண்டு நாளா இழுத்தான், இப்ப மயக்கம்னு படுத்துக்கிட்டான். தங்கச்சிக்கு அந்த வேலை தெரியும்ல? முடிச்சுக் குடுத்துட்டுப் போகட்டும்."

"அண்ணே" என்றான் யூனுஸ். அரிவாளைப் பார்த்தும் அவன் வாய் நிற்கவில்லை. "ஆள வேலைக்கு வச்சா சோறு போட்டு லீவு விடணும். அரிவாளக் காட்டி வேல வாங்குற ஒரே மொதலாளி நீங்கதான். எங்க அக்கா சம்பளத்த மட்டுந்தான் லேட்டாக்கும்."

வெள்ளைத்துரையின் கண் ஒரு நொடி யூனுஸ் பக்கம் போனது.

ஹெப்சிபா அவன் காலைப் பார்த்தாள். வழியை அடைக்க வேண்டுமென்று அவன் நின்ற இடத்துக்குப் பின்னால், ஓர் அடி தள்ளி, அந்தக் கறுப்பு மிதிகட்டை. நடக்கும்போது பழக்கத்தில் தாண்டுகிறவன். பின்னால் நகரும்போது கால் அதை எப்படிப் பார்க்கும்?

அவள் டார்ச்சை நேராக அவன் கண்ணில் அடித்தாள். அடித்துக்கொண்டே கத்தினாள். வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. கத்திக்கொண்டே ஓர் அடி முன்னால் வைத்தாள்.

அவன் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஓர் எட்டு பின்னால் வைத்தான்.

டக்.

மேலே ஏதோ அறுந்த சத்தம். பொம்மை கழுத்தளவில் நின்று ஆட வேண்டும். அப்படித்தான் அவன் கட்டியிருந்தான். ஆனால் ஒரு வருஷ வெயிலில், தகரச் சூட்டில், அந்தக் கயிறு நிஜமாகவே மக்கிப் போயிருந்தது. பொம்மையும் அது தொங்கிய இரும்புக் கப்பியும் சேர்ந்து அவன் தோளில் இறங்கின. அரிவாள் தெறித்துப் போய் ஒரு சுவரைக் கிழித்தது. அவன் முனகிக்கொண்டு பொம்மைக்கு அடியில் கிடந்தான்.

யூனுஸ் பாய்ந்து அவன் முதுகில் உட்கார்ந்தான். "கயிறு ஏதாச்சும் குடுங்கக்கா. மக்காத கயிறா பாத்துக் குடுங்க."

ஹெப்சிபா எதையும் கேட்கவில்லை. தாழ்ப்பாளை இழுத்துவிட்டாள்.

ஜன்னல் இல்லாத அறை. ஒரே ஒரு பல்பு. இரண்டு மரச் சிலைகள் அருகருகே நின்றன. இறக்கை விரித்த தேவதூதர்கள். ஒன்று நூறு வருஷத்துப் பழசு. பக்கத்துக் கிராமத்து மாதா கோயிலிலிருந்து வண்ணம் பூசித் தருகிறேன் என்று வெள்ளைத்துரை வாங்கி வந்தது. இன்னொன்று அதைப் பார்த்துச் செதுக்கிய புதுசு. புதுசைப் பழசாக்கிக் கோயிலில் வைத்துவிட்டுப் பழசை விற்பது அவன் திட்டம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது அவள் சிலைகளைப் பார்க்கவே இல்லை.

அவற்றின் காலடியில் ஜெரால்ட் கிடந்தான். உதடு வெடித்திருந்தது. மூச்சு வேகமாக, ஆழமாக, பழுத்த பழம் போன்ற வாடையோடு வந்தது. அவளுக்கு அந்த வாடை தெரியும். பத்து வயதில் ஒரு தடவை அவனிடமிருந்து அது வந்தபோது அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"அண்ணே."

இமை அசையவில்லை.

அவன் விரலைக் குத்தி ரத்தச் சொட்டை மீட்டரில் வைத்தாள். எண் வரவில்லை. இரண்டு ஆங்கில எழுத்துதான் வந்தது. அளக்க முடியாத அளவுக்கு உயரம் என்று அர்த்தம். பேனாவைத் திருகினாள். ரோகிணி பின்னாலிருந்து அவள் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியது.

வெளியே ஜீப் சத்தம் கேட்டது. வெள்ளைத்துரையைப் போலீஸிடம் விட்டுவிட்டு, ஜெரால்டை வண்டியின் பின் சீட்டில் கிடத்தினார்கள். மேலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் யூனுஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் ஹெப்சிபாவை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

ஏழு மணி வரை டிரிப்ஸ் ஓடியது. நர்ஸ் மறுபடியும் விரலைக் குத்தி மீட்டரைப் பார்த்தாள். திருப்பிக் காட்டினாள்.

486.

"நானூத்தி எம்பத்தாறா?" யூனுஸ் வாயைப் பிளந்தான். "அது நல்லதா கெட்டதா? யாராச்சும் சொல்லுங்கப்பா, நான் அழணுமா சிரிக்கணுமா?"

"ஒரு எண்ணு வந்துருச்சு" என்றாள் ஹெப்சிபா. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம். ஜெரால்டின் கண் பாதி திறந்திருந்தது. அவள் காதைக் கொண்டுபோனாள்.

"மூணும் தெரிஞ்சுச்சா?"

"என்னது?"

"போட்டோ எடுக்கணும்னான். டார்ச்சடிச்சாக் கூடத்துலதான் வெளிச்சம் நல்லா விழும்னு சொல்லி அந்தச் சுவருக்கு இழுத்துட்டுப் போனேன். தலை மறைச்சிரும்னு ஓரமாத் தள்ளி உக்காந்தேன்." மூச்சு வாங்கியது. "மூணு ஆடும் தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு."

அவன் கண்ணை மூடினான். தூங்கிவிட்டான் என்று அவள் நினைத்தபோது உதடு மறுபடி அசைந்தது.

"சோம்பேறி" என்றான் ஜெரால்ட். "அந்தக் கறைய மாத்திராத."